முன்பனிக் காலத்தில் வடமுனைப் பயணம்

தமிழர் ஓராண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மார்கழியும் தையும் முன்பனிக் காலத்துக்கு உரியன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வாழும் நமக்கு ஆறு பருவங்களும் ஒருங்கே தெளிவாகத் தோன்றுவதில்லையாயினும் முன்பனியை மட்டும் அறியாதார் இலர். விடியற் புறத்திலே வைக்கோற் போர் நனைந்து கிடக்கும். வேலிக் கதியாலில் சிலந்தி வலைகள் முத்துக் கோத்தாற் போல மின்னும். வீட்டிலுள்ள முதியவர்கள், “பனிக்குள்ள திரியாதை, தடிமன் பிடிக்கும்” என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். திருவெம்பாவைக் காலமாயின் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இளைஞர்கள் தெருவழியே செல்வர். பாடசாலைகளுக்கும் விடுமுறை.

குடும்பத்தோடு வெளியே புறப்படுவதற்கு இதனினும் நல்ல காலம் நமது நாட்டிலே இல்லை என்பது நமது எண்ணம். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். குளங்களும் கேணிகளும் நிறைந்திருக்கும். வெயில் முதுகைச் சுடாது. வயல்களிலே நெற்கதிர் தலைசாய்க்கத் தொடங்கியிருக்கும். தோட்டக்காரர் பனங்கிழங்குப் பாத்திகளைக் கிண்டத் தொடங்குவர். இக்காரணங்கள் பற்றிக் கடந்த மார்கழியிலே நாம் மேற்கொண்ட ஒரு நாட் பயணத்தை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

பயணத்துக்குக் காரணமானவர் எமது பெரியம்மா. அகவை எண்பத்திரண்டு. மயிலிட்டிக்கு அண்மையில் உள்ள ஓர் ஊரிலே பிறந்து, அங்கேயே தாய் வழிச் சீதனமாகப் பெற்ற ஆறு பரப்புக் காணியிலே குடும்பம் நடத்தியவர். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் யாவரும் வீடு வாசல்களை விட்டு வெளியேறிய பொழுது அவரும் வெளியேறினார். அதன்பின் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்த பின்னர் நிலங்கள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த பகுதியும் 2017இலேதான் மக்களிடம் மீண்டன. பெரியம்மாவின் காணியும் திரும்பக் கிடைத்தவற்றுள் ஒன்று. எனினும் அவர் அதனைப் பார்க்கப் போகவில்லை. “தம்பி வந்தாப்போல அவனோட போவம்” என்பதே அவருடைய விடையாக இருந்தது.

தம்பி என்று அவர் அழைப்பது தம் ஒரே மகனை. எமக்கு அவர் அண்ணன் முறை. இளமையிலே நாட்டை விட்டுப் போனவர். நோர்வே நாட்டின் வட கோடியிலுள்ள ஹம்மர்பெஸ்ற் நகரிலே குடும்பத்தோடு வாழ்கின்றார். கடந்த மார்கழியில் மனைவியோடும் பன்னிரண்டு வயது மகனோடும் வந்திருந்தார். வந்தவர் ஓர் எண்ணத்தோடும் வந்திருந்தார். காணியை வாங்க ஒருவர் முன்வந்திருந்தார். பெரியம்மா கையொப்பமிட்டால் உறுதி முடிந்துவிடும். அதற்கு முன் ஒரு முறை நிலத்தைப் பார்த்துவிடலாம் என்பதே ஏற்பாடு. வடமுனையையும் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டு அவ்வழியே செல்வோம் என்று நாம் சொன்னோம்.

நோர்வேயின் வடபாகத்திலே தமிழர் வாழ்வதைக் கேட்டு வியப்போர் உளர். நமது நாட்டினர்க்கும் அந்நாட்டினர்க்கும் உள்ள தொடர்பு பழையது. யாழ்ப்பாணத்தவரான அந்தோனி இராசேந்திரம் 1956இலே அங்கு சென்றார். அவர் முயற்சியினாலே தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரிலே படகு கட்டும் தளத்தை அமைத்துக் கடற்றொழிலாளருக்கு உதவிற்று. 1980களிலே நாட்டை விட்டுப் போன இளைஞர் பலர் நோர்வேயின் வடகரையிலுள்ள சிற்றூர்களிலே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை பெற்றனர். வெப்ப நாட்டிலே கடலோரத்திற் பிறந்தவர்கள், உறைபனி நாட்டின் கடலோரத்திலே மீன் வெட்டிப் பிழைத்தனர்.

வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். இடியப்பமும் சம்பலும் வாழையிலையிற் கட்டிக்கொண்டோம். சுடுநீர்ப் போத்தலிலே தேநீர். பெரியம்மா கம்பளிப் போர்வையாற் காதை மூடிக்கொண்டு முன் ஆசனத்திலே அமர்ந்தார். பேரனோ அரைக்கைச் சட்டையோடு யன்னலைத் திறந்துவிட்டிருந்தான்.

“யன்னலைச் சாத்து ராசா, பனி பெய்யுது.”

“எங்க அப்பம்மா பனி? நான் ஒண்டையும் காணேல்லையே!”

வானிலிருந்த யாவரும் சிரித்தோம். சிரிப்பின் பின்னே ஓர் உண்மை இருந்தது. தமிழிலே பனி என்பது ஒரே சொல். நமக்கு அது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. அவனுக்கு அது கூரையையும் தெருவையும் மூடிக் கிடக்கும் வெண்குவியல். யாழ்ப்பாணத்திலே மார்கழி இரவிலும் வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. அவன் வாழும் ஊரிலே கார்த்திகை முற்பகுதி தொடங்கித் தை முற்பகுதி வரை ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதேயில்லை. நண்பகலிலே சற்று நேரம் நீல வெளிச்சம் தோன்றி மறையும். அந்நாட்டின் மலைவழிகளிலே புயல் வீசும் பொழுது வாகனங்கள் தனித்துச் செல்ல அனுமதியில்லை. பனிவாரும் வண்டி முன்னே செல்ல, ஏனையவை ஒன்றன்பின் ஒன்றாக அதனைத் தொடர வேண்டும். “முன்னால போற வண்டியின்ர சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பாத்துக்கொண்டு போகவேணும்” என்று அண்ணன் விவரித்தார். பெரியம்மா அதைக் கேட்டுப் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

நல்லூர், கோப்பாய், நீர்வேலி கடந்து புத்தூரை அடுத்த நிலாவரையில் முதன்முதல் இறங்கினோம். அடியற்ற கிணறு என்றும், இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையிலே மிதக்கும் என்றும் நமது முன்னோர் சொல்லிவந்த கிணறு இது. கதை எவ்வாறாயினும் அதன் அடிப்படையிலே மாணவர் அறியத்தக்க செய்தி உண்டு. குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணக்கல். மழைநீர் அதனைக் கரைத்துக் குகைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்கும். மேற்கூரை இடிந்து விழுந்த ஒரு குகையே நிலாவரை. மேல்மட்டத்து நீர் நன்னீர். ஆழத்துக்குச் செல்லச் செல்ல உவர்நீர். கடல்நீரின் மேலே மழைநீர் மிதந்து நிற்கின்றது என்று சொல்லலாம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் நமக்கு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றையும் குளங்களையும் தவிர்த்தால், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை நிலத்துள் இறங்கித் தங்குவதே நமது செல்வம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும். கிணற்றை வைத்தே வாழ்ந்த மக்கள் நாம் என்பதை இவ்விடத்திலே நின்று பார்த்தால் பிள்ளைகள் எளிதில் உணர்வர்.

அப்பால் வல்லைவெளி. குடியிருப்புகள் முடிந்து கண்ணுக்கெட்டும் தூரம் உவர்நிலமும் நீரேரியும் விரியும் இடம். முற்காலத்திலே இரவில் இவ்வெளியைத் தனியே கடக்க அஞ்சுவர். இன்றும் வாகனமோட்டுவோர் முனியப்பர் கோயிலடியிலே ஒரு கணம் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தாமற் போவதில்லை. எமது ஓட்டுநரும் அவ்வாறே செய்தார். மாரி நீர் தேங்கிய பரப்பிலே நீர்ப்பறவைகள் கூட்டமாக மேய்ந்தன. அவற்றுட் பல வட ஆசியாவின் உறைபனிக்குத் தப்பி ஆண்டுதோறும் இங்கு வந்து, கோடை பிறக்கத் திரும்புவன. “எங்களைப் போலத்தான்” என்றான் பையன். அண்ணன் பதில் சொல்லவில்லை.

நெல்லியடியைக் கடந்து பருத்தித்துறையை அடைந்த பொழுது வெயில் ஏறியிருந்தது. இவ்வூருக்குப் போவோர் தட்டைவடை வாங்காமல் மீள்வதில்லை; நாமும் இரண்டு பொதி வாங்கினோம். ஆயினும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டவேண்டியது தெருமூடி மடம். மடம் தெருவின் ஓரத்திலே கட்டப்படுவதே வழக்கம். இங்கோ தெருவின் மேலேயே கூரை வேய்ந்து, இருமருங்கிலும் திண்ணை அமைத்து, போவோர் வருவோர் அதனூடாகவே செல்லும்படி கட்டியிருக்கின்றனர். நடந்தும் மாட்டுவண்டியிலும் பயணஞ் செய்த காலத்திலே நமது தெருக்களில் இத்தகைய ஏற்பாடுகள் பல இருந்தன. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல். கால்நடைகள் உடம்பை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரஞ்சிக் கல். அவை நீர் குடிக்கக் கேணியும் தொட்டியும். வழிப்போக்கர் படுத்துறங்க மடம். முகந் தெரியாத ஒருவனுடைய களைப்பை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர். பலவிடங்களிலே இக்கற்கள் வீதி அகலிப்பில் மறைந்தன. எஞ்சியிருப்பவற்றை அவ்வவ்வூர்ப் பாடசாலை மாணவர்கள் கணக்கெடுத்து எழுதி வைப்பார்களாயின் அது பெருந்தொண்டாகும்.

பருத்தித்துறையிலே 1916ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தைக் கடந்து சக்கோட்டை முனைக்குச் சென்றோம். இலங்கைத் தீவின் வட எல்லை இதுவே. ஏறக்குறைய 9 பாகை 50 கலை வட அகலக்கோடு. ஹம்மர்பெஸ்ற் 70 பாகை 40 கலை. இரு நாடுகளின் வட கோடிகளுக்கும் இடையே அறுபது பாகைக்கு மேல். வாடைக்காற்று உப்புத் துளிகளை முகத்தில் அறைந்தது. வடமேற்கே கடலுக்கப்பால் கோடிக்கரை. பையன் முனைக்கல்லின் மேல் நின்று வடக்கு நோக்கிக் கையசைத்தான். யாருக்கென்று வினவினோம். “பள்ளிக்கூடத்தில இருக்கிற என்ர சிநேகிதருக்கு, சித்தப்பா” என்றான்.

இடியப்பத்தை அங்கே பகிர்ந்துண்டு கரையோரமாக மேற்கே திரும்பினோம். வல்வெட்டித்துறையில் ஒரு செய்தியைச் சொல்லாமற் கடக்க இயலாது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்க மாலுமி விலைக்கு வாங்கினார். இவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938இலே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தில் ஒப்படைத்தனர். காற்றையும் விண்மீன்களையும் கற்றறிந்த ஊரவர் பாய்விரித்து அத்திலாந்திக்கைக் கடந்த வரலாறு இது. தொண்டைமானாற்றிலே செல்வச்சந்நிதி முருகனை வணங்கினோம். வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை நிகழும் கோயில் அது. அடியார்க்கு அன்னமிடும் மடங்கள் பல சூழ்ந்தது. பெரியம்மா நெடுநேரம் வேண்டிக்கொண்டு நின்றார். என்ன வேண்டினார் என்று எவரும் கேட்கவில்லை.

பின்னர் அச்சுவேலிப் பக்கமாக உள்வீதியிலே திரும்பி, தெல்லிப்பழை வழியாகச் சுற்றி மயிலிட்டியை நோக்கிச் சென்றோம். அதுவரை பேச்சும் சிரிப்புமாக இருந்த வானிலே அமைதி நிலவிற்று. ஒரு பக்கத்திலே புதிதாகச் சாந்து பூசிய வீடுகள். மறுபக்கத்திலே கூரையற்ற சுவர்கள், சுவர்களினுள்ளே வளர்ந்த ஆலும் வேம்பும். ஒழுங்கைகள் அடையாளந் தெரியவில்லை. அண்ணன் தாம் சிறுவனாய் ஓடித்திரிந்த ஊரிலே இருமுறை வழி கேட்டார். ஈற்றிலே பெரியம்மாவே வானை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

வீடு இருக்கவில்லை. அத்திவாரத்தின் ஒரு மூலை மட்டும் பற்றைக்குள்ளே தெரிந்தது. பெரியம்மா அதனைப் பார்க்கவில்லை; நேரே நடந்து சென்றார். நாற்பது அடி தொலைவிலே, நாயுருவிச் செடிகளுக்கு இடையே கிணறு இருந்தது. சுண்ணக்கல்லை வெட்டித் தோண்டிய கிணறு. கட்டு இடிந்திருந்தது, துலா இல்லை, துலாவைத் தாங்கிய பூவரசும் இல்லை. ஆனால் மாரி முடிந்த காலமாதலின் தண்ணீர் மேலேறிக் கைக்கெட்டும் தூரத்தில் தெளிந்து நின்றது.

பெரியம்மா கிணற்றடியிலே நின்றவாறே நான்கு திசையையும் கைகாட்டினார். காணியின் பெயர், கிழக்கு எல்லை யாருடையது, வடக்கே ஒழுங்கை எங்கே வளைந்தது, மேற்கு வேலியில் எத்தனை பனை, தெற்கே தங்கை முறையானவளின் பங்கு எங்கே தொடங்கியது என்றெல்லாம் உறுதிப் பத்திரத்தை வாசிப்பவர் போலச் சொல்லி முடித்தார். அண்ணன் தம் கைப்பையில் இருந்த பத்திரத்தை எடுத்து ஒப்பிட்டார். ஓர் எல்லையும் பிழைக்கவில்லை.

“அம்மா, உங்கட விருப்பம்போலச் செய்வம். ஆனா அங்க இருந்துகொண்டு இதை ஆர் பாக்கிறது?” என்றார் அண்ணன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடல் கடந்து வாழும் எத்தனையோ பிள்ளைகள் இதே கேள்வியைத் தாய் தந்தையரிடம் கேட்கின்றனர். ஆளில்லாக் காணியிலே பற்றை வளரும், எல்லை நகரும், வழக்கு முளைக்கும். விற்பவர்களை நாம் குறைகூற மாட்டோம்.

பெரியம்மா சிறிது நேரம் பேசாதிருந்து, “விக்கிறதெண்டால் நான் குறுக்க நிக்கமாட்டன், தம்பி. நான் இருக்கேக்க எல்லையளை ஒருக்கா உன்ர பிள்ளைக்குக் காட்டவேணுமெண்டுதான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார்.

அப்பொழுதுதான் பையன் பேசினான். அவன் சொன்னவற்றை அண்ணனும் சேர்த்து விளக்கினார். 1944ஆம் ஆண்டின் இறுதியிலே, இரண்டாம் உலகப் போரிற் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் நோர்வேயின் வட மாகாணமாகிய பின்மார்க்கை எரித்துக்கொண்டே சென்றனர். ஏறக்குறைய 50,000 மக்கள் பலவந்தமாகத் தெற்கே அனுப்பப்பட்டனர். பல்லாயிரவர் பனிக்காலத்திலே குகைகளில் மறைந்து கிடந்தனர். ஹம்மர்பெஸ்ற் நகரிலே கல்லறைச் சிற்றாலயம் ஒன்றைத் தவிர யாவும் சாம்பலாயின. போர் முடிந்ததும், மீள்வதற்குக் காலம் ஆகவில்லை என்று அரசு தடுத்தும், மக்கள் 1945இலேயே திரும்பத் தொடங்கினர். குடில்களிலும், கவிழ்த்த படகுகளின் கீழும்கூடத் தங்கி, எரிந்த அத்திவாரங்களைத் தேடிக் கண்டு நகரை மீளக் கட்டினர். அந்த மீள்கட்டுமானத்துக்கென அங்கே ஓர் அரும்பொருட்சாலையும் உண்டு. பாடசாலையிலிருந்து அதனைப் பார்க்க அழைத்துச் செல்வார்களாம்.

“எங்கட ஊரில ஒரு சின்னக் கோயில்தான் மிஞ்சினது, அப்பம்மா. இங்க கிணறு மிஞ்சியிருக்கு” என்றான் பையன்.

அக்கதையைக் கேட்டு அங்கு நின்றவர்களுடைய மனம் ஒரே நொடியிலே மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அண்ணன் பத்திரத்தை மடித்துப் பையினுள் வைத்தார். அன்றைக்குக் கையொப்பம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அயலிலே மீளக் குடியேறியிருந்த ஒரு குடும்பத்தாரிடம் பேசி, சித்திரையிலே நீர் வற்றும் காலத்திற் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கவும், கட்டைத் திருத்தவும் பணம் கொடுத்தார். காணியை விற்பதா, வைத்திருப்பதா என்பதனை இதை எழுதும் வரை அவர்கள் முடிவு செய்யவில்லை. ஆனால் பையன் ஓர் அப்பியாசக் கொப்பியிலே அப்பம்மா சொல்லச் சொல்ல நான்கு எல்லைகளையும் படமாக வரைந்துகொண்டான். காணியின் பெயரைத் தமிழிலே எழுதத் தெரியாமல் எம்மிடம் கொடுத்தான். நாம் எழுதிக் கொடுத்தோம். அதன் கீழே அவன் தன் கையெழுத்தில் மீண்டும் ஒருமுறை எழுதிப் பார்த்தான்.

வெயில் சாயும் வேளையிலே கீரிமலை சென்று, கடலோரத்திலே ஊறும் நன்னீர்க் கேணியில் ஆண்கள் நீராடினோம். அலை மோதும் உவர்க்கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு மதிலே உள்ளது. நகுலேசுவரரை வணங்கி, மாவிட்டபுரத்துக் கோபுரத்தைக் கண்டு, காங்கேசன்துறை வீதியாலே மல்லாகம், சுன்னாகம் கடந்து வீடு திரும்பினோம். வழியிலே புகையிரதம் ஒன்று எதிர்ப்பட்டது. 1956இலே ஓடத்தொடங்கி 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2014இலே யாழ்ப்பாணத்துக்கும் 2015இலே காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்ததைப் பெரியம்மா பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, ஒன்று கூற விரும்புகின்றோம். நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடக்குறைய, ஒரே பகற்பொழுதில் முடியும் பயணம் இது. பெருஞ்செலவும் இல்லை. பனிக்காலம் முடியுமுன் ஒருநாள் உங்கள் குடும்பத்து முதியவரை முன் ஆசனத்திலே அமர்த்தி அழைத்துச் செல்லுங்கள். எந்த ஊரானாலும் ஆகுக. வழியை அவரே சொல்லட்டும். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். காணியின் பெயர், கிணற்றின் இடம், ஒழுங்கையின் வளைவு, அயலாரின் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். உறுதிப் பத்திரத்திலே எழுதப்படாதவை இன்னும் பல அவர்களுடைய நினைவில் உள்ளன. அவற்றைக் கேட்டெழுதுவதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் காலம் மிக நீண்டதன்று.